சங்குக்கு வந்த நரி

வடக்குக் கூண்டுக்குப் போகிற வழியில் ஒரு தகரப் பலகை தொங்கும். 'இங்கே பேசாதே, சிரிக்காதே, செல்லம் கொஞ்சாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவன் சந்திரமோகன். எளாவூருக்கு மேற்கே, நெடுஞ்சாலை லாரிச் சத்தம் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருக்கிற ஒரு கருவேலங்காட்டை ஒட்டி, அவனும் அவன் மனைவி சுமலதாவும் நடத்துகிற வனவிலங்கு மறுவாழ்வு மையம் அது. மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பிவலைக் கூண்டுகள், தகரக் கூரை, கறி வெட்ட ஒரு கல்மேடை, ஒரு போர்வெல், அவ்வளவுதான். ஆனால் தொழிற்பேட்டையில் எது எங்கே மாட்டிக்கொண்டாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பருந்து வரும். குடோனில் எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட சாரைப்பாம்பு வரும். எண்ணெய்க் குழியில் விழுந்த கீரி, யார் என்னவென்று தெரியாத நிறத்தில் வரும்.

சுமலதா கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவள். ஊசியும் கட்டும் அவள் பொறுப்பு. சந்திரமோகன் இரும்பு உருட்டாலையில் பல வருஷம் மாடாக உழைத்துவிட்டு, போதுமடா சாமி என்று வெளியே வந்தவன். கூண்டும் தீனியும் சட்டதிட்டமும் அவன் பொறுப்பு. சட்டம் என்றால் ஒரே சட்டம்தான்: தேறின பிராணி திரும்பிக் காட்டுக்குப் போக வேண்டும், போகிறபோது மனுஷனைப் பார்த்தால் ஓடுகிற புத்தியோடு போக வேண்டும். மனுஷனிடம் பழகிவிட்ட மிருகம் வெளியே போனதும் மனுஷனைத் தேடும். மனுஷன் கல்லைத் தேடுவான். இதை அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, சுமலதா தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நரிக்குட்டி வந்தது. புது கம்பெனிக்கு மண் தள்ளின எந்திரம் வளையோடு சேர்த்துத் தாயையும் மூடிவிட்டது. இது ஒன்று மட்டும் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் இருந்து கத்திக்கொண்டிருந்ததாம். பேர் வைக்கக் கூடாது என்பதால் அதற்குப் பேர் இல்லை. வடக்குக் கூண்டில் இருந்ததால் வடக்குக் கூண்டுக்காரி என்றார்கள். அது பேர் ஆகாதா என்று யாரும் கேட்கவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சுமலதா பால் புகட்டினாள். பல் முளைத்ததும் அதுவும் நின்றது. கூண்டைச் சுற்றிப் பலகை அடித்து, அடியில் ஒரு சதுர ஓட்டை போட்டு, தட்டை அதன் வழியாக உள்ளே தள்ளிவிடுவான் சந்திரமோகன். ஆள் முகம் தெரியாது, குரல் கேட்காது, கையில் வேப்பிலையைக் கசக்கித் தேய்த்துக்கொள்வதால் வாடையும் அடிக்காது.

குட்டி வளர்ந்து நெஞ்சில் முடி அடர்ந்தது. கதவைத் திறந்தால் மூலையில் போய் ஒண்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. சந்திரமோகனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியா சுமா, நம்மளக் கண்டாலே அதுக்கு ஆவல!"

"ஆமா, இதுக்கு ஒரு பாராட்டு விழா வெச்சிக்கலாம்," என்றாள் அவள். சொன்னாளே தவிர, ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிப் பக்கத்துப் புதர்க்காட்டில் கூண்டைத் திறந்துவிட்டபோது முந்தானையால் மூக்கைத் துடைத்தவளும் அவள்தான். வனத்துறை அதிகாரி ஆதிநாராயணன் கூட இருந்தார். திறந்த வேகத்தில் வடக்குக் கூண்டுக்காரி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். "இப்பிடித்தான் சார் இருக்கணும்," என்று ஆதிநாராயணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்திரமோகன் அன்றைக்கு இரண்டு அங்குலம் உயரமாக நடந்தான்.

அந்த உயரம் வெயில் காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஆரம்பாக்கம் பக்கத்து ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவன் அன்பு, அங்கே செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

"சார், தெனம் ஒரு நரி வருது சார். பட்டப்பகல்ல. மொதல்ல எல்லாம் நரி மொகத்துல முழிச்சா யோகம்னு போட்டோ புட்ச்சிக்கினு இருந்தாங்க. இப்போ வெறி புட்ச்ச நரின்னு பயந்துக்கினு கல்லும் கையுமா நிக்கிறானுங்க. ஷிப்ட் உடற நேரம் சார், ஒரே பேஜாரு. வந்து புட்ச்சிக்கினு போங்க, இல்லாட்டி அடிச்சிடுவானுங்க."

சந்திரமோகன் போனபோது ஆதிநாராயணனும் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். கம்பெனியின் பின்பக்க மதில். அதில் கேன்டீன் கழிவுநீர் போக அடியில் ஒரு சதுர ஓட்டை. மதிலுக்கு வெளியே சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் கருவேலம் புதர். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. ஊதி அடங்குவதற்குள் புதர் அசைந்தது. நரி வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது, காது பின்னால் படிந்தது, பல்லைக்கூடக் காட்டியது. ஓட வேண்டும் என்று கால் துடிப்பது தெரிந்தது. ஆனாலும் ஓடவில்லை. நேராக வந்து அந்த ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்து, ஓட்டையையே பார்த்தது.

இடது காதில் சின்ன வெட்டு. குட்டியாக வந்தபோது சுமலதா தையல் போட்ட காது.

சந்திரமோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. உருட்டாலையில் இருந்த காலத்திலிருந்து அவன் வயிற்றுக்குக் கடிகாரம் கிடையாது, சங்குதான். சங்கு ஊதினால் சாப்பாடு. வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை. மையத்துக்குப் பக்கத்து ஆலையில் மத்தியானச் சங்கு ஊதும். இவன் எழுந்து வடக்குக் கூண்டு ஓட்டையில் தட்டைத் தள்ளிவிட்டு, கை கழுவிக்கொண்டு, தான் போய்ச் சாப்பிட உட்காருவான். மழையிலும் தவறினதில்லை. அதில் ஒரு பெருமைகூட. முகத்தை மறைத்தான், குரலை மறைத்தான், வாடையை மறைத்தான். சங்கை மறைக்க வேண்டும் என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவே இல்லை! இந்தக் கும்மிடிப்பூண்டிச் சீமையில் சங்கு ஊதாத திக்கு எது? சங்கு ஊதினால் ஓட்டை வழியாகச் சோறு வரும் என்று ஒரு காட்டு நரிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மதிலும் ஓட்டையுமாக இருக்கிற ஊரில் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

"இன்னா சார்," என்றார் ஆதிநாராயணன். "யாராச்சும் சோறு வெச்சிப் பழக்கிட்டாங்களா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மாதம்தான் மையத்தின் அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்திருந்தான். வளர்ப்பிலேயே கோளாறு என்று இவர் ஒரு வார்த்தை எழுதினால் என்ன ஆகும்? கூண்டெல்லாம் காலியாகும், பருந்தும் பாம்பும் எங்கே போகும், தன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? எல்லாம் ஒரு மூச்சில் மனசில் ஓடியது. அதற்குள் அன்புவின் பார்வை மதிலில் இருந்த கேன்டீன் பின்வாசலுக்குப் போயிருந்தது. அங்கே பாத்திரம் கழுவுகிற முத்தம்மா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பிடித்தான் சார் தெரியுது," என்றான் சந்திரமோகன்.

மூன்றே வார்த்தை. சொன்ன வாயைத் திரும்ப மூட முடிந்தது, வார்த்தையைத்தான் முடியவில்லை.

"நான் கழனித்தண்ணிதான் சார் ஊத்துவேன்," என்றாள் முத்தம்மா. எல்லோரும் அவளையே பார்க்க, அவளுக்குக் குரல் உடைந்தது. "ஒரே ஒருக்கா... வத்திப் போயி நின்னுக்கினு இருந்துச்சி. ஒரு எலும்பு தூக்கிப் போட்டேன். ஒரே ஒருக்காதான் சார்."

போயிற்று. அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? கான்ட்ராக்டர் அன்று சாயங்காலமே அவளை நிறுத்திவிட்டார். நரியைப் பிடிப்பதும் பெரிய வித்தையாக இல்லை. மறுநாள் அந்த ஓட்டைக்கு எதிரே கூண்டை வைத்தான் சந்திரமோகன், சங்கு ஊதியது, வடக்குக் கூண்டுக்காரி தானாக நடந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். "கில்லாடி சார் நீங்க!" என்று அன்பு கைதட்டினான். தேள் கொட்டிய திருடனாக நின்றான் சந்திரமோகன்.

வீட்டுக்கு வந்து சுமலதாவிடம் சொன்னான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், கை அப்படியே நின்றது.

"அய்யோ. அதுங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு என் வாயக் கட்டிப் போட்டீங்களே," என்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்: "இனிமே சொல்லாதீங்க. சொல்லி, மையத்த மூடிட்டுப் போனா இதுங்களுக்கு யாரு இருக்காங்க? அந்தப் பொம்பளைக்கு நம்மளே வேலை குடுத்துடலாம். அங்கக் குடுத்ததவிட ஒரு பங்கு சேத்தே குடுக்கலாம்."

அவனுக்கு அது நல்ல வழியாகப் பட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணினவன் பழி சுமந்தவளுக்குச் சம்பளம் கொடுக்கக் கிளம்பினான்.

முத்தம்மா வந்தாள். கறி வெட்டினாள், கூண்டு கழுவினாள், பாம்பைப் பார்த்து முதல் நாள் அலறினாள், இரண்டாம் வாரத்தில் அதற்குத் தண்ணீர் வைத்தாள். அவள் வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் தொல்லை. ஏதாவது குறை இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

"நீ நல்லா இருக்கணும் நைனா," என்பாள், நாஷ்டா சாப்பிட உட்காரும்போதெல்லாம். "நான் கெடுத்த நரிய நீ காப்பாத்துற. என்னையும் கூப்ட்டு வேலை குடுத்துகிற. வேற யாரு செய்வா?"

சந்திரமோகன் பாதி இட்லியைத் தட்டிலேயே வைப்பான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போவான்.

அவள் பேச்சு அதோடு நிற்காது. தெருவில் பிள்ளைகள் 'நரியம்மா' என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். கூட வேலை பார்த்த மணியம்மாள், பஸ்ஸில் ஒரே சீட்டில் இத்தனை வருஷம் வந்தவள், எதிரே பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாளாம். "அவளச் சொல்லிக் குத்தமில்ல நைனா. கம்பெனில அவளையும் நிக்கவெச்சிக் கேட்டாங்க. முத்தம்மா எலும்பு போட்டது நெஜம்னு சொல்லிட்டா. நெஜந்தானே?" வீட்டில் கோழி எடுத்தால் முத்தம்மா மட்டும் ரசம் ஊற்றிக்கொள்கிறாள். எலும்பைப் பார்த்தாலே என்னமோ பண்ணுகிறதாம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பழைய பேச்சு. சந்திரமோகனின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கடித்தது. சங்குக்குச் சாப்பாடு வைப்பதை நிறுத்தி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் வைத்தான். என்ன பிரயோசனம்? சங்கு ஊதியதும் வடக்குக் கூண்டுக்காரி எழுந்து ஓட்டைக்கு முன்னால் வந்து உட்காருகிற சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்கும். அவளை இனி வெளியே விட முடியாது. சாகிறவரை அவள் கூண்டில்தான் இருப்பாள். அதற்கும் முத்தம்மாதான் காரணம் என்று முத்தம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம். கூண்டு கழுவி முடித்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"நைனா, பேசக்கூடாதுன்னு போர்டு போட்டுகிற. தெரியும். இருந்தாலும் அதுங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டுமா? இனிமேதான் அது காட்டுக்கே போவப் போறதில்லியே."

தலையை ஆட்டினான். அவள் போய்ப் பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஓட்டை அருகே முகத்தைக் கொண்டுபோனாள். சந்திரமோகன் கறிமேடைக்குப் பின்னால் நின்றிருந்தான், போயிருக்கலாம், போகவில்லை.

"கண்ணு," என்றாள் முத்தம்மா. "பசின்னு நெனச்சித்தான் கண்ணு போட்டேன். அதுக்கு இப்பிடி ஆவும்னு எனக்குத் தெரியாது. உன் காட்ட நான் புடுங்கிட்டேன். என்ன மன்னிச்சிடு. என் பொண்ணு மேல சத்தியமா வேணும்னு பண்ணல."

உள்ளே நரி மூலையில் ஒண்டுகிற சத்தம் கேட்டது. முத்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

சந்திரமோகனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சங்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை. ஆலை, வயிறு, தட்டு, ஓட்டை என்று கொட்டிவிட்டான். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் முழுக்க வெளிச்சம் வந்தது.

"அப்போ நான் இல்லியா?"

"நீ இல்ல."

"அந்த எலும்பு...?"

"அதுக்கு முன்னாலேருந்தே அது சங்குக்குத்தான் வந்துக்கினு இருந்துச்சி. நீ எலும்பு போடாட்டியும் வந்திருக்கும்."

"நெஜமா நான் இல்லியா நைனா? அய்யோ என் தாயே!" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாரம் இறங்குகிற அழுகை. அவன் தோளைக்கூடத் தட்டினாள், இவனுக்குத்தான் ஆறுதல் வேண்டும் போல. அந்தத் தட்டலுக்குப் பதில் ஒரு அறை விழுந்திருக்கலாம் என்று நினைத்தான்.

பிறகு அழுகை நின்றது. கண்ணைத் துடைத்தவள் துடைத்த கையை இறக்காமலே கேட்டாள்.

"உனுக்கு எப்போ தெரியும்?"

சந்திரமோகன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு நைனா. எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா? அந்த மதிலாண்டயா? என்ன எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்களே, அப்பவா?"

"அப்பவேதான்."

முத்தம்மா எழுந்தாள். புடவையை உதறினாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் அவன் பிழைத்தான்.

"வா," என்றாள். "இத்த அங்க வந்து சொல்லு. ஷிப்ட் உடற நேரத்துல சொல்லு. எத்தினி பேரு முன்னால நான் தலையக் குனிஞ்சனோ அத்தினி பேரு முன்னால சொல்லு."

சுமலதா மருந்து அறை வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தாள். சாவியை எடுத்துக் கேட்டைப் பூட்டினாள். "நானும் வர்றேன்," என்றாள். "சொல்லாதீங்கன்னு சொன்னவ நான்தான், முத்தம்மாக்கா." முத்தம்மா அவளைப் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். வழியெல்லாம் சந்திரமோகன் மனசுக்குள் மையத்தை மூடிக்கொண்டே போனான். பருந்தை யாரிடம் கொடுப்பது, கம்பிவலையைப் பிரிப்பதா விற்பதா, எல்லாம் யோசித்தான். யோசிக்க யோசிக்க, இத்தனை நாளில் முதல் தடவையாக மூச்சு நேராக வந்தது. தண்டனை வரட்டும், வந்தால் கணக்குத் தீரும் என்று இருந்தது.

ஷிப்ட் விட்டுக் கூட்டம் கேட்டில் வழிந்துகொண்டிருந்தது. கம்பெனி பஸ் பக்கத்தில் கேன்டீன் பெண்கள் நின்றிருந்தார்கள், மணியம்மாளும் இருந்தாள். அன்பு ஓடிவந்தான், மறுபடியும் ஏதாவது நரியோ என்று. சந்திரமோகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். தப்பு என்னுடையது, முத்தம்மா ஒன்றும் பண்ணவில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும், பயந்துபோய் மறைத்தேன் என்றான். கடைசிவரை சொன்னான். மணியம்மாள் தரையைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றான்.

அன்புவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதிகாரியையே கேட்டுவிடலாம் என்று ஆதிநாராயணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினான். சந்திரமோகன் இன்னொரு தடவை முழுக்கச் சொன்னான்.

"அட, சங்கா?" போனில் ஆதிநாராயணன் சிரித்தார். நல்ல மனுஷன், சிரிப்பில் விஷமம் இல்லை. "பரவாயில்லயே, இது புதுசா இருக்குதே சார். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. சாப்பாட்டு நேரத்த மாத்தி மாத்தி வையுங்கன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன்."

"அனுமதி... புதுப்பிக்க..." என்றான் சந்திரமோகன்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்? உங்கள உட்டா எனக்கு யாரு இருக்காங்க, பாம்ப எல்லாம் ஊட்டுக்கா எடுத்துக்கினு போவேன்? உடுங்க சார், மீட்டிங்ல இருக்கேன்." வைத்துவிட்டார்.

அன்பு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "அவ்ளோதானே? அக்கா, நீ நாளைக்கே வந்துடு. ஆள் பத்தாமதான் இருக்குது. கான்ட்ராக்டராண்ட நான் சொல்லிக்கிறேன்," என்றான். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். கூட்டம் கலைய ஆரம்பித்தது. மையம் மூடவில்லை. யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை.

முத்தம்மா மட்டும் நகரவில்லை. கோபமாகப் பார்ப்பாள் என்று சந்திரமோகன் எதிர்பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத திகைப்புதான் இருந்தது.

"ஒரு வரிதானா நைனா?" என்றாள். "ஒரு வரிக்கா என்னத் தூக்கிக் குடுத்தே?"

"பயந்துட்டேன் முத்தம்மா."

"எதுக்கு?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. மணியம்மாள் ஜன்னலில் இருந்து கூப்பிட்டாள். முத்தம்மா போகாமல், அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்திரமோகன் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை.